முகப்பரு மருந்தும் ஒரு சிறைச்சாலையும்

விஞ்ஞானத்தின் வரலாற்றை நாம் பெரும்பாலும் பெரிய பொருள்களிலேயே தேடுகிறோம். நீராவி இயந்திரம், மின்சாரம், அணுப்பிளவு என்பவற்றுக்குப் பாடநூல்களில் தனி அத்தியாயங்கள் உண்டு. இளைஞர் முகத்தில் எழும் பருவுக்கும் ஒரு வரலாறு இருக்கக்கூடும் என எவரும் எண்ணுவதில்லை. பரு பருவத்தின் தொல்லை. வந்தது போலவே போய்விடும் என்பதே பொது எண்ணம். ஆனால், போகாத பருக்களும் உண்டு. ஆண்டுக் கணக்காக அடங்காது, ஒன்று ஆற ஒன்று எழுந்து, ஈற்றில் வடுவை விட்டுச் செல்லும் பருக்களால் துன்புறுவோர் பலர். வகுப்பறையின் கடைசி வாங்கில் முகத்தைக் கவிழ்த்தபடி அமர்ந்திருக்கும் மாணவனையோ மாணவியையோ அறியாத ஆசிரியர் இருக்க முடியாது.

அத்தகையோருக்கு இன்று மருந்து உண்டு. விற்றமின் 'ஏ'யிலிருந்து பெறப்படும் அமிலமொன்றைக் கொண்ட பூச்சு மருந்து, உலகெங்கும் தோல் வைத்தியர்களால் எழுதிக் கொடுக்கப்படுகின்றது. 'ரெட்டின்-ஏ' என்ற பெயரில் முதலில் சந்தைக்கு வந்த அம்மருந்தின் கதையை ஆராயப் புகுவோமாயின், அது நம்மை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துச் சிறைச்சாலை ஒன்றின் வாயிலிலே கொண்டுபோய் நிறுத்தும். மருந்துக் குழாயின் மேல் அச்சிடப்படாத அவ்வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

முதலில் பரு எவ்வாறு தோன்றுகிறது என்பதைச் சுருக்கமாக நோக்குவோம். தோலிலுள்ள ஒவ்வொரு மயிர்க்காலையும் சார்ந்து நெய்ச்சுரப்பிகள் உள்ளன. பூப்புப் பருவத்தில் ஓமோன்களின் தூண்டுதலால் இச்சுரப்பிகள் மிகுதியாக நெய்யைச் சுரக்கின்றன. அதேவேளை, மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிரவேண்டிய இறந்த கலங்கள் ஒழுங்காக உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டித் துவாரத்தை அடைத்துவிடுகின்றன. வாய் திறந்த அடைப்பு கரும்புள்ளியாகவும் வாய் மூடிய அடைப்பு வெண்புள்ளியாகவும் தோன்றும். அடைப்பட்ட நெய்யிலே பற்றீரியாக்கள் பெருகுகின்றன; அழற்சி உண்டாகின்றது; பரு சிவந்து சீழ் கொள்கின்றது. கரும்புள்ளியின் கருமை அழுக்கன்று என்பதையும், முகத்தை எவ்வளவு தேய்த்துக் கழுவினும் மயிர்க்காலின் ஆழத்திலுள்ள அடைப்பு அகலாது என்பதையும் இதிலிருந்து உணரலாம்.

இவ்விளக்கம் இன்று எளிதாகத் தோன்றுகின்றது. நெடுங்காலமாக நிலைமை வேறு. பரு ஒழுக்கக் கேட்டின் அடையாளம் என்றும், அசுத்தத்தின் விளைவு என்றும் இளைஞர்கள் ஏசப்பட்டார்கள். கந்தகப் பூச்சு ஓரளவு பயன் தந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எக்ஸ்கதிர்கள் புதிய அற்புதமாக வந்தன. பருவுள்ள இளம் முகங்களின் மீது அவை பாய்ச்சப்பட்டன. நெய்ச்சுரப்பிகள் சுருங்கின, முகம் தெளிந்தது. பல ஆண்டுகள் கழிந்த பின்னர் அம்முகங்கள் சிலவற்றிலும் கழுத்துகள் சிலவற்றிலும் புற்றுநோய் தோன்றியது. அறியாமல் செய்த தீங்கு இது. அறிந்து செய்த தீங்குகளுக்கு இனி வருவோம்.

முகப்பருவின் வரலாற்றிலே தொழிலாளருக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. 1899ஆம் ஆண்டில் ஜேர்மனியைச் சேர்ந்த தோல் வைத்தியர் காள் ஹேர்க்ஸ்ஹைமர், இரசாயனத் தொழிற்சாலையிலே வேலை செய்தோரிடம் விசித்திரமான பரு ஒன்றைக் கண்டு விவரித்தார். பூப்புப் பருவம் கடந்த வளர்ந்த ஆண்களின் கன்னங்களிலும் காதுகளின் பின்புறத்திலும் கரும்புள்ளிகளும் கட்டிகளும் நிறைந்திருந்தன. குளோரீன் வாயுவே காரணம் எனக் கருதி அதற்குக் 'குளோரீன் பரு' எனப் பெயரிட்டார். வாயுவன்று, குளோரீன் கலந்த சில கரிமச் சேர்வைகளே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. பெயர் மட்டும் நிலைத்தது.

தொழிற்சாலைகள் பெருகப் பெருக இப்பருவும் பெருகியது. 1949இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் நைட்ரோ என்னும் ஊரிலிருந்த மொன்சான்ரோ ஆலையிலும், 1953இல் ஜேர்மனியின் லூட்விக்ஸ்ஹாபன் நகரிலிருந்த பி.ஏ.எஸ்.எவ். ஆலையிலும் விபத்துக்கள் நேர்ந்தன. தொழிலாளர் பலருக்கு இப்பரு கண்டது. களைகொல்லி தயாரிக்கும்போது பக்கவிளைவாகப் பிறக்கும் 'டயொக்சின்' என்னும் நச்சுப்பொருளே அதன் காரணம். 1964இல் மிச்சிகன் மாநிலத்து மிட்லண்ட் நகரிலுள்ள டவ் கெமிக்கல் கொம்பனியின் தொழிலாளரிடையிலும் அதே பரு பரவியது. முதலாளிகள் இப்பருவை முன்பே அறிவர். எந்த இரசாயனம் பருவை உண்டாக்கும் என்பதை முயலின் காதிலே தடவிச் சோதிக்கும் முறையை டவ் கொம்பனியின் ஆய்வாளர்கள் 1941ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தனர். 1964இன் பின்னர் அவர்கள் அறிய விரும்பியது வேறொன்று: மனிதத் தோலில் எவ்வளவு டயொக்சின் பட்டால் பரு எழும்? இக்கேள்விக்கு விடைகாண முயலின் காது போதாது. மனிதத் தோல் தேவைப்பட்டது.

அத்தோல் எங்கே மலிவாகக் கிடைக்கும்?

பிலடெல்பியாவின் வடகிழக்கிலே, 1896இல் திறக்கப்பட்ட ஹோம்ஸ்பேர்க் சிறைச்சாலை இருந்தது. நடுவில் ஒரு குடம், அதிலிருந்து நாற்புறமும் ஆரங்கள் போல் நீளும் சிறைக்கூடங்கள் என வண்டிச் சக்கரத்தின் வடிவில் அமைந்த சிறை அது. 1951ஆம் ஆண்டில் கைதிகளிடையே பரவிய காற்பூஞ்சண நோயைப் பார்வையிடுவதற்காகப் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்தின் தோல் நோய் நிபுணர் டொக்டர் அல்பேட் கிளிக்மன் அங்கு அழைக்கப்பட்டார். அவர் உள்ளே நுழைந்தபோது கண்டது என்ன? பிற்காலத்தில், 1966இல், பத்திரிகை நிருபர் ஒருவரிடம் அவரே அதனைக் கூறினார். தம் கண்முன்னே ஏக்கர் கணக்கில் தோல் பரந்து கிடக்கக் கண்டதாகவும், வளமான வயலை முதன்முதலாகக் காணும் கமக்காரனின் மனநிலை தமக்கு ஏற்பட்டதாகவும் அவர் சொன்னார்.

இவ்வுவமையைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். நோயாளரைப் பார்க்கச் சென்ற வைத்தியர் நோயாளரைக் காணவில்லை, மனிதரையும் காணவில்லை. அவர் கண்டது நிலம். நிலம் பேசாது, மறுக்காது, கூலி கேட்பினும் சிறிதே கேட்கும். அந்நிலத்தில் விதைப்பதற்குப் பல்கலைக் கழகமும், மருந்துக் கொம்பனிகளும், அழகுசாதன உற்பத்தியாளரும், அமெரிக்க இராணுவமும் வரிசையாக வந்தன. 1951 முதல் 1974 வரை, இருபத்துமூன்று ஆண்டுகளாக, ஹோம்ஸ்பேர்க் கைதிகளின் முதுகுகளிலும் கைகளிலும் முகங்களிலும் பரிசோதனைகள் நடைபெற்றன. சவர்க்காரம், வாசனைத் திரவியம், தோற்பூச்சு முதலியவை ஒருபுறம். இராணுவத்துக்கான மனமயக்க இரசாயனங்கள் மறுபுறம். கைதிகளிற் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். இவர்களுள் பலர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் கூட அல்லர். பிணைப்பணம் கட்ட வழியின்றி வழக்கு விசாரணையை எதிர்நோக்கி அடைபட்டுக் கிடந்தவர்கள்.

'அவர்கள் விரும்பித்தானே சம்மதித்தார்கள், பணமும் பெற்றார்களே' என வாதிப்போர் உளர். சிறைக்குள் ஒரு நாள் முழுதும் உழைத்தால் கிடைத்தது சில சதங்கள். பரிசோதனைக்கு உடலைக் கொடுத்தாலோ டொலர்க் கணக்கிற் பணம் கிடைத்தது. அப்பணம் சிலருக்குப் பிணைப்பணம். சிலருக்கு வெளியிலே வாடும் குடும்பத்தின் உணவு. தெரிவு செய்வதற்கு வேறொன்றும் இல்லாதவனின் சம்மதம் எத்தகைய சம்மதம்? தோட்டத்துக் கூலியும் ஆலைத் தொழிலாளியும் தம் உழைப்பை 'விரும்பி' விற்பது எவ்வாறோ அவ்வாறே ஹோம்ஸ்பேர்க் கைதியும் தன் தோலை விற்றான். தன் உடலிலே தடவப்படுவது என்ன, அதனால் விளையக்கூடியது என்ன என்பன அவனுக்கு விளங்கும்படி சொல்லப்படவுமில்லை.

டவ் கொம்பனியின் டயொக்சின் இச்சிறைக்குத்தான் வந்து சேர்ந்தது. கொம்பனி கிளிக்மனுக்குப் பத்தாயிரம் டொலர் கொடுத்தது. 1965-66ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ எழுபது கைதிகளின் தோலிலே சிறிது சிறிதாக டயொக்சின் தடவப்பட்டது. கொம்பனி வகுத்த உச்ச அளவு 16 மைக்கிரோகிராம். அந்த அளவில் எவருக்கும் பரு எழவில்லை. ஆராய்ச்சி அத்துடன் நின்றிருக்கலாம். ஆனால், கிளிக்மன் பத்துக் கைதிகளுக்கு அளவை 7,500 மைக்கிரோகிராமாக உயர்த்தினார்; கொம்பனி வகுத்த அளவைப் போல் ஏறத்தாழ 468 மடங்கு இது. பதின்மரில் எண்மருக்குப் பரு எழுந்தது; சிலருக்கு அது அழற்சி கொண்டு, சீழ்க் கட்டிகளாயிற்று. நான்கு முதல் ஏழு மாதங்கள் வரை அது நீடித்தது. விரைந்து ஆற்றுதற்குச் சிகிச்சை எதுவும் அளிக்கப்படாமையே இந்நீடிப்புக்குக் காரணம் என்பது கொம்பனிக்கு அனுப்பப்பட்ட அறிக்கையிலேயே உள்ளது. பருவைக் குணப்படுத்தும் வைத்தியம் பயின்ற ஒருவர், பருவை உண்டாக்கி, அதை ஆறவிடாது பார்த்துக்கொண்டிருந்தார். அதே ஆண்டுகளில் டயொக்சின் கலந்த களைகொல்லி வியட்நாமின் காடுகளின் மேலும் கழனிகளின் மேலும் விமானங்களிலிருந்து பொழியப்பட்டது என்பதையும் இங்கு நினைவிற் கொள்க. சிறைக்குள்ளும் போர்க்களத்திலும் அந்நஞ்சைத் தாங்கியவை எளியோரின் உடல்களே.

இனி, பூச்சு மருந்துக்கு வருவோம். விற்றமின் 'ஏ' அமிலத்தைத் தோலிலே பூசிப் பார்க்கும் முயற்சியை 1960களின் தொடக்கத்தில் ஜேர்மன் வைத்தியர்கள் மேற்கொண்டிருந்தனர். அதனை முகப்பருவுக்குரிய முறையான மருந்தாக ஆக்கிய பெருமை கிளிக்மனுடையது. மயிர்க்காலின் உட்சுவரிலுள்ள கலங்கள் ஒட்டிக்கொள்ளாது உதிரும்படி செய்து, அடைப்பை அடியிலேயே தடுப்பது இவ்வமிலத்தின் சிறப்பு. ஏனைய பூச்சுக்கள் எழுந்த பருவை வற்றச் செய்யும். இது பரு எழுவதற்குரிய மூலத்தையே நீக்கும். 1969இல் கிளிக்மனும் அவருடைய துணைவர்களும் தம் முடிவுகளை வெளியிட்டனர். 1971இல் அமெரிக்க அரசின் அங்கீகாரத்துடன் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கொம்பனி அதனை விற்பனைக்குக் கொண்டு வந்தது. தோலின் சுருக்கங்களையும் அது ஓரளவு குறைக்கும் என்பது 1980களில் வெளிப்பட்டபோது, நடுத்தர வயதுச் செல்வரும் அதனை நாடினர், விற்பனை பன்மடங்காயிற்று.

இம்மருந்தைப் பூசியவர் யாவரும் ஒன்றை அறிவர். தொடக்கத்திலே முகம் சிவக்கும், எரியும், தோல் உரியும். ஆகவே வைத்தியர் குறைந்த அளவில் தொடங்கி, இரவில் மட்டும், சிறிதே பூசும்படி பணிப்பார். எவ்வளவு பூசலாம், எவ்வளவு பூசலாகாது என்னும் இந்த அறிவு வானத்திலிருந்து விழுந்ததன்று. பூசலாகாத அளவு எது என்பதைக் கண்டறிய யாரோ ஒருவர் அவ்வளவைத் தம் தோலிலே தாங்கவேண்டியிருந்தது. இம்மருந்தைப் பொறுத்தவரை ஹோம்ஸ்பேர்க்கின் கைதிகளும் அவ்வாறு தாங்கியோராவர்.

நியாயப்படுத்துவோரின் அடுத்த வாதம், 'அக்காலத்து நெறிமுறை அது. இக்கால அளவுகோலால் அளத்தல் தகாது' என்பதாகும். கிளிக்மனும் 2010இல் இறக்கும் வரை இவ்வாறே வாதித்தார். வரலாறு இவ்வாதத்தை ஏற்கவில்லை. 1947ஆம் ஆண்டில், நாசி வைத்தியர்களை விசாரித்த நூரம்பேர்க் நீதிமன்றத்திலே, மனிதர் மீதான பரிசோதனைக்கு அவருடைய சுதந்திரமான சம்மதம் இன்றியமையாதது என்ற விதியை எழுதியவர்கள் அமெரிக்க நீதிபதிகளே. அந்த மை உலர்ந்து நான்கே ஆண்டுகளில் ஹோம்ஸ்பேர்க்கின் கதவு திறந்தது. குளோரீன் பருவுக்குப் பெயரிட்ட ஹேர்க்ஸ்ஹைமர் ஒரு யூதர். முதிய வயதில் நாசிகளால் தெரேசியன்ஸ்ராட் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1942இல் அங்கேயே மாண்டார். தொழிலாளரின் தோலைக் கண்டு பருவின் காரணத்தைத் தேடிய வைத்தியரை ஒரு சிறைமுகாம் விழுங்கியது. அவர் விவரித்த அதே பருவை இன்னொரு வைத்தியர் இன்னொரு சிறையிலே வேண்டுமென்றே வளர்த்தார். நெறிமுறை எழுதப்படாத காலம் என்று இதனைச் சொல்வதெப்படி? எழுதப்பட்ட நெறி எவருக்குப் பொருந்தும், எவருக்குப் பொருந்தாது என்பதை இனமும் வர்க்கமும் தீர்மானித்தன என்பதே உண்மை.

'சிறை இல்லாவிடின் மருந்தும் இல்லை' என்பது மூன்றாவது வாதம். இதற்கு விடையை மருத்துவ வரலாறே தருகின்றது. ஹோம்ஸ்பேர்க்கில் பரிசோதனைகள் நிறுத்தப்பட்டு ஐந்து ஆண்டுகளின் பின், 1979இல், மிகக் கொடிய பருவையும் அடக்கவல்ல 'ஐசோட்ரெட்டினோயின்' என்னும் உள்மருந்தைப் பற்றிய ஆய்வு அமெரிக்காவில் வெளியாயிற்று. அதிலே பங்குகொண்டோர் பதினான்கு பேர். அனைவரும் தீராத பருவினால் வருந்திச் சிகிச்சை நாடி வந்த நோயாளர்கள். பதின்மூவருக்கு முற்றாகக் குணம் கண்டது. கருவிலுள்ள குழந்தைக்குக் கடுந் தீங்கு செய்யும் மருந்தாதலால் அதனைக் கண்டிப்பான மேற்பார்வையின்றி உண்ணலாகாது என்பது வேறு விடயம். நோயுற்றவரைத் தேடிச் சென்று, அவர் நலத்துக்காகவே ஆராய்ந்தாலும் விஞ்ஞானம் முன்னேறும் என்பதை அப்பதினான்கு பேரும் காட்டிவிட்டனர். சிறைச்சாலை தந்தது மலிவும் விரைவும்; அவை முதலாளிக்கு இன்றியமையாதவை, விஞ்ஞானத்துக்கன்று.

இவ்வுண்மைகள் எவ்வாறு வெளிவந்தன? 1972இல் அலபாமா மாநிலத்து டஸ்கீகியின் கொடுமை அம்பலமாயிற்று. அங்கே நாற்பது ஆண்டுகளாகக் கறுப்பின ஏழை விவசாயிகளின் மேக நோய் சிகிச்சையின்றி வேடிக்கை பார்க்கப்பட்டிருந்தது. நாடு கொதித்தது; செனற் சபை விசாரித்தது; 1974இல் ஹோம்ஸ்பேர்க்கிலும் பரிசோதனைகள் நின்றன. ஆயினும், அச்சிறையின் முழுக் கதையையும் உலகுக்குச் சொன்னவர் ஓர் ஆசிரியர். 1971இல் கைதிகளுக்கு எழுத்தறிவு கற்பிக்கச் சென்ற அலன் ஹோர்ண்ப்ளம், தம் மாணவர்களின் உடலிலே ஒட்டப்பட்டிருந்த கட்டுத்துணிகளைக் கண்டார். அவற்றின் காரணத்தை வினவினார். அவ்வினா அவர் மனத்தை விட்டு அகலவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஆவணங்களைத் தேடி, முன்னாட் கைதிகளை நேரிற் கண்டு, 1998இல் அவர் தம் நூலை வெளியிட்டார். கிளிக்மன் சொன்ன 'ஏக்கர் கணக்கில் தோல்' என்னும் தொடரே அந்நூலின் தலைப்பாயிற்று.

2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ முந்நூறு முன்னாட் கைதிகள் பல்கலைக் கழகத்தையும் கிளிக்மனையும் கொம்பனிகளையும் எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். காலங் கடந்துவிட்டது என்ற காரணத்தால் வழக்குத் தள்ளுபடியாயிற்று. தம் உடலிலே பூசப்பட்டது என்னவென்று சொல்லப்படாதவர்கள், உரிய காலத்தில் முறையிடவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டனர்! 2021இல் பல்கலைக் கழகத்தின் மருத்துவ பீடம் மன்னிப்புக் கேட்டு, கிளிக்மன் பெயரிலிருந்த சொற்பொழிவை நிறுத்தியது. 2022இல் பிலடெல்பியா மாநகரமும், 2023இல் அந்நகரத்து வைத்தியர் கல்லூரியும் மன்னிப்புக் கோரின. மன்னிப்புகள் வந்தன, பாதிக்கப்பட்டோர் கோரிய நட்டஈடு அவற்றோடு வரவில்லை. மருந்தின் இலாபத்திலே அவர்களுக்குப் பங்கு என்றுமே இருந்ததில்லை.

அவ்வாறாயின், நாம் அம்மருந்தைப் புறக்கணிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. பருவினால் வாடும் மாணவியிடம் வைத்தியரை நாடாதே என்று சொல்வதாற் பிலடெல்பியாவின் எந்தக் கைதிக்கும் நியாயம் கிடைக்கப் போவதில்லை. ஒரு கண்டுபிடிப்பு உண்மையாக இருத்தல் வேறு. அதைப் பெற்ற வழி நேர்மையாக இருத்தல் வேறு. இவ்விரண்டையும் குழப்புவோர் இரு சாராருளர். வழி தீயதாதலின் அறிவும் பொய் என்போர் ஒரு சாரார். அறிவு பயன் தந்தமையால் வழியும் நன்றே என்போர் மறு சாரார். இரண்டாவது சாராரே இன்று வலிமை மிக்கோர். கொம்பனிகளின் வரலாற்று மலர்களிலும் வெற்றி பெற்ற விஞ்ஞானிகளின் வாழ்க்கைக் குறிப்புகளிலும் சிறைச்சாலை இடம்பெறாமற் போவது அவர்களாலேயே.

நம் கடமை வேறு. பருவுக்குக் காரணம் அழுக்கோ ஒழுக்கக் கேடோ அன்று என்பதையும், அது வெட்கப்பட வேண்டியதன்று, சிகிச்சை செய்யத்தக்கது என்பதையும் மாணவருக்கு முதலிற் சொல்ல வேண்டும். அதன் பின், அச்சிகிச்சைக்கு வழி சமைத்தோர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்து வெள்ளை அங்கிக்காரரின் பெயர்கள் நூல்களில் உள்ளன. பிணைப்பணமின்றி அடைபட்டு, முதுகைக் காட்டி நின்ற மனிதரின் பெயர்களோ பெரும்பாலும் இல்லை. டயொக்சின் பூசப்பட்ட எழுபது பேரை 1980களின் தொடக்கத்தில் அரசு தேட முற்பட்டபோது, அவர்கள் யாரென அறிவதற்குரிய பதிவேடுகளே கிடைக்கவில்லை.

உழைக்கும் மக்களின் கைகளே நாகரிகத்தைக் கட்டின என்று நாம் எழுதியும் பேசியும் வருகிறோம். கைகளோடு தோலையும் அவர்கள் கொடுத்திருக்கிறார்கள். அதை எழுதாத விஞ்ஞான வரலாறு அரைவாசி வரலாறே. எழுதப்படாத மறு பாதியை வகுப்பறைக்குக் கொண்டு செல்லும் பொறுப்பு ஆசிரியருடையது. கட்டுத்துணியைக் கண்ட அந்த எழுத்தறிவு ஆசிரியரைப் போல, 'இது என்ன?' என்று கேட்கும் துணிவு மாணவருடையது.